கேளுங்கோ, கதைப்பம்: கொண்டி போட்டனா எண்டு நாலுதரம்

ரெண்டு மாதத்துக்கு முதல் இந்தப் பக்கத்தில பிள்ளையளின்ட பாதுகாப்பைப் பற்றி நாலு வரிதான் எழுதினனான். அதுக்கு வந்த கடிதங்கள்ல பிள்ளையளைப் பற்றிக் கேட்டது குறைவு, வளர்ந்த பொம்பிளையள் தங்கட சின்ன வயசைப் பற்றி எழுதினதுதான் கூட. அதனால இந்த முறை சமையல், மாமியார், முடி கொட்டுறது ஒண்டும் இல்லை, இது மட்டும்தான். ஆரையும் ஊராக்கள் பிடிக்காத மாதிரி சில விவரங்களை மாத்தித்தான் போட்டிருக்கு.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, உவர்மலைப் பக்கம் எண்டு மட்டும் போடுங்கோ. கல்யாணம் முடிச்சு 11 வருஷம், மனுசன் நல்லவர், குடி கிடி ஒண்டும் இல்லை. மகளுக்குப் போன மாசியில 9 வயசு, கேக் வெட்டேக்க திடீரெண்டு எனக்குக் கை விறைச்சுப்போச்சு, ஏனெண்டு அப்ப விளங்கேல்ல, ராத்திரி படுக்கேக்கதான் விளங்கினது, எனக்கும் அப்ப 9 வயசு. அப்பா இல்லை, அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவ, எங்களை அப்பம்மா வீட்டில விட்டவ. அங்க சித்தப்பா முறையான ஒருத்தர் இருந்தவர். மிச்சம் நான் எழுதேல்ல, உங்களுக்கு விளங்கும். அம்மா திரும்பி வரும்வரை ரெண்டு வருஷம். அந்த நேரம் அம்மாவுக்கு கசற்றில பேசி அனுப்புவம், றெக்கோர்ட் பட்டனை அமத்துறதே அவர்தான், பக்கத்திலயே இருந்து "நல்லா இருக்கிறன் அம்மா எண்டு சொல்லு" எண்டு சொல்லித் தருவார், நானும் சொன்னனான்.

இப்ப நான் ராவில கொண்டி போட்டனா எண்டு நாலுதரம் எழும்பிப் பார்க்கிறன், ரெண்டு மணிக்கு விளக்குமாறோட நிண்டு வீடு கூட்டுறன், மகள் டியூசனுக்குப் போனா ஒண்டரை மணித்தியாலமும் வெளியில வேப்பமரத்துக்குக் கீழ நிக்கிறன், மற்ற அம்மாமார் சிரிக்கினம். மனுசன் கிட்ட வந்தா நான் மேல ஃபானுக்குப் பக்கத்தில இருந்து கீழ பார்க்கிற மாதிரி இருக்கும். ஓடிக்கொலோன் மணத்தா சத்தி வரும், செத்த வீடுகளுக்கே போறேல்ல. போன சித்திரை வருஷத்துக்குக் கைவிசேஷம் தர எண்டு அந்தச் சித்தப்பா எங்கட வீட்டுக்கு வந்தவர். மகளைக் கூப்பிட்டு "வா, தாத்தாட மடியில இரு" எண்டார். நான் தேத்தண்ணியோட நிண்டன், வாய் வரேல்ல. அவள் போய் இருந்திட்டாள். நான் குசினிக்குள்ள போய் கோப்பை கழுவினன், கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினன். எனக்கு விசரா அக்கா? மனுசனுக்குச் சொல்லோணுமா? அம்மாவுக்குப் பிறஷர், சொன்னா தாங்கமாட்டா. கேஸ் போடலாமா? வாசிச்சிட்டு இதை எரிச்சுவிடுங்கோ.

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தில நிறையப் பயம் இருக்கு, ஆனா எல்லாம் ஒரே பயம் இல்லை, அதை முதல் பிரிச்சுப் பார்ப்பம். கொண்டி, விளக்குமாறு, வேப்பமரம், இதெல்லாம் பழைய பயம், 25 வருஷத்துக்கு முதல் அடிக்கத் தொடங்கின மணி இன்னும் நிக்கேல்ல. மடியில இருத்தினதைப் பார்த்து உங்கட வாய் அடைச்சுப்போச்சே, அது வருத்தம் இல்லை. அது தகவல். அந்த வீட்டில இருந்த ஆக்கள்ல அந்த மனுசனைச் சரியாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்.

ஆகவே மற்றது எல்லாத்துக்கும் முதல், உங்கட வியாதி மாறும்வரை காத்திராமல், இண்டைக்கே செய்யவேண்டியது ஒண்டு: மகள் அவரோட தனிய ஒரு நிமிஷமும் இருக்கக்கூடாது, மடியிலயும் வேண்டாம், மோட்டார்சைக்கிள்ளயும் வேண்டாம், கடைக்குக் கூட்டிப்போறதும் வேண்டாம். அதுக்காக நீங்க ஊருக்கெல்லாம் காரணம் சொல்லத் தேவையில்லை. "இவளுக்கு இப்ப வயசு வருகுது, மடியில இருத்துறதை விட்டிட்டம்" எண்டு சிரிச்சுக்கொண்டே சொல்லலாம், எங்கட சனத்துக்கு அது நல்லா விளங்கும், ஒருத்தரும் எதிர்த்துக் கதைக்கமாட்டினம். மகளுக்கு உங்கட கதை வேண்டாம், அவள் சுமக்க ஏலாது. ஆனா அவளுக்கு மூண்டு விஷயம் தெரியோணும். தன்ட உடம்பில ஒவ்வொரு இடத்துக்கும் பேர் தெரியோணும் (அந்தப் பேரை வெக்கப்படாமல் சொல்லிப் பழக்குங்கோ, பேர் தெரியாத இடத்தைப் பற்றிப் பிள்ளை எப்பிடி முறைப்பாடு சொல்லும்?), பெரியாள் ஒருத்தர் "அம்மாவுக்குச் சொல்லாத" எண்டு சொன்னா அதைத்தான் முதல் வந்து சொல்லோணும், பிடிக்காட்டி தாத்தாவுக்கும் கொஞ்சக் குடுக்கத் தேவையில்லை. அவளோட கதைக்கேக்க ஏதும் நடந்தது எண்டு தெரிய வந்தா, அல்லது அவர் புழங்கிற வேற வீட்டில பிள்ளையள் இருந்து உங்களுக்குச் சந்தேகம் எண்டா, 1929க்கு அடியுங்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ட லைன், தமிழில கதைக்கலாம்.

இனி விசரா எண்டு கேட்டதுக்கு வாறன். இல்லை. 1980கள்ல அமெரிக்காவில சான் டியாகோவில வின்சென்ட் ஃபெலிட்டி எண்டு ஒரு டொக்டர் உடம்பு குறைக்கிற கிளினிக் நடத்தினவர், அங்க நல்லா மெலிஞ்சுகொண்டு வந்த ஆக்கள் திடீரெண்டு நிப்பாட்டிட்டுப் போச்சினம், ஏனெண்டு தேடினா, அதில கனபேர் சின்ன வயசில பாலியல் கொடுமைக்கு ஆளானவை. அவைக்கு அந்தப் பருமன் நோயா இருக்கேல்ல, ஆம்பிளையளின்ட கண்ணில படாமல் இருக்கிறதுக்கு ஒரு மறைப்பா இருந்தது, மெலிய மெலியப் பயம் கூடினது. அதில இருந்துதான் 17,000க்கு மேற்பட்ட ஆக்களைக் கேட்டுச் செய்த பெரிய ஆய்வு தொடங்கி அதின்ட முதல் முடிவுகள் 1998இல வெளிவந்தது, சின்ன வயசில பட்ட அடி எத்தினை விதமோ அந்தளவுக்குப் பின்னாடி மனச்சோர்வும் குடியும் இருதய வருத்தமும் வரைக்கும் கூடுது எண்டு அதில தெரிஞ்சது. இதை ஏன் சொல்றன் எண்டா, டொக்டர்மார் பிரச்சினை எண்டு நினைச்சது அந்தப் பொம்பிளையளுக்குத் தீர்வா இருந்திருக்கு. உங்கட விளக்குமாறும் அப்பிடித்தான். ஃபானுக்குப் பக்கத்தில போய் நிக்கிறதும் அப்பிடித்தான்: ஒன்பது வயசுப் பிள்ளைக்கு ஓடவும் ஏலாது, அடிக்கவும் ஏலாது, கத்தினா கேட்க அம்மாவும் இல்லை, ஆனபடியா உடம்பை அங்க விட்டிட்டு மனசு மட்டும் வெளியில போய் நிண்டிருக்கு. கெட்டிக்காரப் பிள்ளை. அந்தப் பழக்கம் அண்டைக்கு உங்களைக் காப்பாத்தினது, இண்டைக்கு ஒரு நல்ல மனுசன் கிட்ட வரேக்கயும் அதே வேலையைச் செய்யுது, ஏனெண்டா வேலை முடிஞ்சுது எண்டு அதுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல.

ஏன் வாய் வரேல்ல எண்டு உங்களையே திட்டாதேங்கோ. திருகோணமலைக் கோட்டை வாசல்ல நிக்கிற மானுகளைப் பார்த்திருப்பீங்க, நாய் பாஞ்சு வரேக்க முதல் செய்யிறது ஓடுறது இல்லை, அப்பிடியே விறைச்சு நிக்கும். மனிசருக்கும் அது உண்டு, அது யோசிச்சுச் செய்யிறது இல்லை, உடம்பு தானாச் செய்யிறது. "நீ ஏன் கத்தேல்ல" எண்டு கேட்கிற பொலிஸ்காரரும் மாமிமாரும் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

இதுக்குப் பேர் இருக்கு. ஜூடித் ஹேர்மன் எண்ட மனநல டொக்டர் 1992இலயே, ஒருக்கா நடந்த விபத்தும், தப்ப ஏலாத இடத்தில திரும்பத் திரும்ப நடந்த கொடுமையும் மனசில ஒரே மாதிரிக் காயம் ஆக்கிறதில்லை எண்டு எழுதினவ. உலக சுகாதார நிறுவனத்தின்ட நோய்ப் பட்டியல்ல அது "சிக்கலான மனவடு நோய்" (Complex PTSD) எண்ட தனிப் பேரோட சேர்ந்து 2022 தை மாதம் நடைமுறைக்கு வந்தது. பழசு திரும்ப வாறது, அதை நினைவுபடுத்திறதை எல்லாம் விலத்திறது, எப்பவும் விழிப்பா இருக்கிறது, இதுகளோட சேர்ந்து உணர்ச்சி கையில நிக்காது, நான் உதவாதவள் எண்ட நினைப்பு போகாது, ஆக்களோட ஒட்ட ஏலாது. உங்கட கடிதத்தில இதில பாதிக்கு மேல இருக்கு, ஆனா நான் கடிதத்தைப் பார்த்து நோய்க்குப் பேர் வைக்கிற ஆள் இல்லை, அதுக்குப் பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போகோணும். உவர்மலையில இருந்து கிட்டத்தானே, ஆரும் கண்டா எண்ட பயம் இருந்தா நித்திரை வருகுதில்லை எண்டு சொல்லுங்கோ, பொய் இல்லையே. அரச ஆஸ்பத்திரியள்ல நட்பு நிலையம் எண்டு போர்டு போட்ட இடம் இருந்தா அதுவும் வன்முறைக்கு ஆளானவைக்குத்தான். பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பினம். ராவில ரெண்டு மணிக்கு விளக்குமாறோட நிக்கேக்க ஆரோடயும் கதைக்கோணும் எண்டா 1926, அது தேசிய மனநல நிறுவகத்தின்ட லைன், 24 மணித்தியாலமும் இருக்கு.

ஒண்டு சொல்லோணும். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு எங்கட ஊருக்குக் கவுன்சிலிங் எண்டு வராத ஆக்கள் இல்லை, முகாம் முகாமாக் கலர் பென்சில் குடுத்துக் கடலைக் கீறு, அலையைக் கீறு எண்டவை. நானும் அதில வேலை செய்தனான். ஒரு பிள்ளை கடலைக் கீறாமல் கதவு ஒண்டைக் கீறினது, கதவு மட்டும், பேப்பர் முழுக்கக் கதவு. நாங்க அதை வடிவா இருக்கு எண்டு சுவரில ஒட்டினம். கடலைப் பற்றிக் கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தது, வீட்டுக்குள்ள என்ன நடக்குது எண்டு கேட்க ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. எனக்கு அது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கு.

அதனாலதான் உங்களிட்ட எல்லாத்தையும் சொல்லு எண்டு நான் சொல்லமாட்டன். மறந்திடு எண்டுறதும் பிழை, முதல் நாளே ஒண்டும் விடாமல் கொட்டு எண்டுறதும் பிழை, தயார் இல்லாமல் கிண்டினா சிலருக்கு நிலைமை கூடுது. ஹேர்மனும் முதல் பாதுகாப்பு, பிறகுதான் நினைவு எண்டுதான் வரிசை வைச்சவ. மனுசனுக்கு இவ்வளவும் போதும்: "சின்ன வயசில எனக்கு ஒரு கெட்டது நடந்தது, விவரம் இப்ப கதைக்க ஏலாது, அந்த ஆள் இந்த வீட்டுக்கு வரக்கூடாது, நான் தள்ளிப் படுக்கிறது உங்களில இருக்கிற வெறுப்பு இல்லை." நாலு வரி. எழுதி வைச்சுப் பாடமாக்கிச் சொன்னாலும் பரவாயில்லை. அம்மாவை இப்ப விடுங்கோ, அவவுக்குச் சொல்றதா வேணாமா எண்டது உங்களுக்குத் தெம்பு வந்த பிறகு பார்க்கிற விஷயம், அவவின்ட பிறஷருக்காக உங்கட வாயைக் கட்டவும் தேவையில்லை, என்ட பேச்சுக்காகத் திறக்கவும் தேவையில்லை.

கொண்டிக்கு ஒரு சின்ன வேலை: ஒருக்கா, கையை வைச்சு, வாய்விட்டு "பூட்டியாச்சு, இண்டைக்கு இன்ன கிழமை" எண்டு சொல்லுங்கோ. அடுத்தமுறை எழும்போணும் போல இருந்தா பத்து நிமிஷம் பொறுத்து எழும்புங்கோ. நாலு மூண்டாகும். ஓடிக்கொலோனுக்கு, ஒரு சின்னச் சித்தாலேப பாம் டப்பாவை ஹாண்ட்பாக்கில வைச்சிருங்கோ, மணம் வந்தவுடன அதைத் திறந்து மணந்து, செருப்பைக் கழட்டிக் காலை நிலத்தில அமத்தி, மூச்சை இழுக்கிறதை விட நீளமா விடுங்கோ. இது வைத்தியம் இல்லை, கிளினிக் நாள் வரும்வரைக்கும் ஒரு கைப்பிடி. வைத்தியம் எண்டா பழைய நினைவைக் கொஞ்சம் கொஞ்சமா, பயிற்சி எடுத்த ஆளோட இருந்து தொட்டுப் பார்க்கிற சிகிச்சைதான், அது கைகண்ட முறை.

கேஸ்: 1995இல தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினதில இருந்து பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் எண்டு தனிக் குற்றமே இருக்கு, ஆகவே உங்களுக்கு நடந்தது அப்பவும் குற்றம்தான். ஆனா எங்கட நாட்டில கொலை, ராஜத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவா 20 வருஷம் தாண்டினா வழக்குத் தொடர ஏலாது. கசப்பான விஷயம், மறைக்க விரும்பேல்ல. எண்டாலும் திகதியை வைச்சு ஒரு சட்டத்தரணியிட்ட சரியாக் கேளுங்கோ, காசு இல்லை எண்டா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு.

கடிதத்தை எரிச்சாச்சு, கொல்லையில, நானே நிண்டு.

கேள்வி: நான் கோணேசபுரி கம்பஸில படிக்கிறன், வயசு 22. எனக்கு ஏழு வயசில ஏதோ நடந்தது எண்டு தெரியும், ஆனா துண்டு துண்டாத்தான் ஞாபகம், ஒரு பச்சை நிறக் கேர்ட்டின், ஒரு றேடியோ சத்தம், மிச்சம் இல்லை. நான் கற்பனை பண்ணுறனா? மாமி கன்னியாப் பக்கம் ஒருத்தரிட்ட நூல் கட்டக் கூப்பிடுறா, ஃப்ரெண்ட் ஒருத்தி ஹிப்னோடிசம் செய்தா எல்லாம் வெளியில வரும் எண்டுறாள்.

பதில்: துண்டு துண்டா இருக்கிறது வழமைதான் பிள்ளை, பயத்தில இருக்கிற மூளை சம்பவத்தை ஆரம்பம் முடிவு வைச்சுக் கதையாப் பதியிறது குறைவு, நிறமும் சத்தமும் மணமும்தான் நிக்கும். ஆகவே துண்டா இருக்கிறபடியாப் பொய் எண்டும் இல்லை, உண்மை எண்டு நிரூபணமும் இல்லை. ஹிப்னோடிசம் வேண்டவே வேண்டாம், அப்பிடித் தோண்டப் போய் நடக்காததையும் நடந்த மாதிரி மூளை கட்டிக்கொண்ட சம்பவங்கள் 1990கள்ல வெளிநாட்டில கோர்ட் வரைக்கும் போனது. மிச்சத்தைக் கண்டுபிடிச்சால்தான் சுகம் வரும் எண்டும் இல்லை, இப்ப உங்களுக்கு என்ன கரைச்சல், நித்திரையா, பயமா, எக்ஸாமா, அதைத்தான் டொக்டரிட்ட சொல்லோணும். நூலைக் கட்டுங்கோ, மாமிக்கு நிம்மதி, உங்களுக்கும் ஒரு பிடி. பத்திரகாளி அம்மன் வாசல்ல நானும் எத்தினை தரம் அழுதிருக்கிறன். ஆனா நூல் கட்டினபடியாக் கிளினிக்குக்குப் போகத் தேவையில்லை எண்டு அந்த ஆள் சொன்னா, எழும்பி வந்திடுங்கோ.

கேள்வி: அக்கா, நான் தம்பலகாமம். கல்யாணம் முடிச்சு மூண்டு வருஷத்துக்குப் பிறகு என்ட மனிசி சொன்னா, சின்ன வயசில சொந்தக்காரன் ஒருத்தன் தன்னைக் கெடுத்தவன் எண்டு. எனக்கு ரத்தம் கொதிக்குது, அவன்ட கையை முறிக்கோணும் போல இருக்கு. ரெண்டு கிழமையா நான் சாப்பிடேல்ல, மனிசி இப்ப ஏன் சொன்னனோ எண்டு அழுறா.

பதில்: தம்பி, கோவம் நியாயம். ஆனா உங்கட கடிதத்தில கடைசி வரியைத் திரும்ப வாசியுங்கோ. மூண்டு வருஷம் உங்களைப் பார்த்துப் பார்த்து, இந்த ஆளிட்டச் சொல்லலாம் எண்டு அவ முடிவெடுத்திருக்கிறா, இப்ப உங்களைச் சமாதானப்படுத்திறதும் அவவின்ட வேலையாப் போச்சு. நீங்க கையை முறிச்சா உள்ள போறது நீங்க, தம்பலகாமம் முழுக்கத் தெரிய வாறது அவவின்ட கதை. "கெடுத்தவன்" எண்ட சொல்லை விடுங்கோ, அவ கெட்டுப்போகேல்ல. போய்ச் சாப்பிடுங்கோ, அவவுக்கும் போட்டுக் குடுங்கோ, "நீ சொன்னது நல்லது, இனி என்ன செய்யிறது எண்டு நீ சொல்லு" எண்டு கேளுங்கோ. கிட்டப் போக முதல் ஒவ்வொரு முறையும் கேளுங்கோ, வேணாம் எண்டா முகத்தை நீட்டாதேங்கோ. இடையில அவ விறைச்சுப்போனா நிப்பாட்டி லைட்டைப் போட்டு அவவின்ட பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. பிள்ளைப்பேறு வந்தா மிட்வைஃபிட்ட முதலே சொல்லி வையுங்கோ, அவ சம்மதிச்சா மட்டும், ஏனெண்டா உள் பரிசோதனையும் பிரசவமும் இப்பிடியான பொம்பிளையளுக்குப் பழசைக் கிளறிவிடும், தெரிஞ்ச மிட்வைஃப் எண்டா சொல்லிச் சொல்லித் தொடுவா.

கேள்வி: கிளினிக்கில குளிசை தந்தவை. எடுத்தா அடிமையாகிடுவம் எண்டு அக்கா சொல்றா. மூண்டு நாள் எடுத்தும் ஒண்டும் தெரியேல்ல, நிப்பாட்டட்டா? (உப்புவெளி)

பதில்: எந்தக் குளிசை எண்டு எழுதேல்லையே. சேர்ட்ரலின், ஃப்ளூஒக்சிடின் வகை எண்டா மூண்டு நாளில ஒண்டும் தெரியாது, சில கிழமை பிடிக்கும், முதல் கிழமையில வயித்தைப் பிரட்டும், அதைப் பார்த்துத்தான் கனபேர் விடுறது. போதைக்கு அடிமையாகிற மாதிரி அது ஆகாது, ஆனா சட்டெண்டு நிப்பாட்டக்கூடாது, தலை சுத்தும், டொக்டர் சொல்ற மாதிரிக் குறைச்சுக் குறைச்சுத்தான் விடோணும். உங்கட அக்கா சொல்றது நித்திரைக் குளிசையள், டயஸிபாம் மாதிரி, அதுகளுக்குச் சரி, அதை நீளத்துக்கு எடுத்தாப் பழக்கமாகும், ஃபார்மஸியில கடனுக்குக் கேட்டு வாங்கிறதை விடுங்கோ. குளிசை குடிச்ச பிறகு செத்துப்போகலாம் எண்ட நினைப்புக் கூடினா அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, ஆரையும் கூட்டிக்கொண்டு. குளிசை மட்டையின்ட பேரை எழுதி அனுப்பினா அடுத்த இதழில விவரமாச் சொல்றன்.